ஏற்காட்டில் ஈரம் உறிஞ்சும் மெஷின்: கரண்ட் போய் வந்தால் படுத்துக்கொள்ளும்

சேலத்திலிருந்து மாற்றலாகி ஏற்காட்டுக்கு வரப்போகும் தோழி ஒருத்தி போனில் கேட்டாள்: "அந்த ஈரம் உறிஞ்சற மெஷின் வெச்சிருக்கியே, நானும் வாங்கட்டுமா?" கேட்ட நேரம் சரியில்லை. மெஷின் ரிப்பேருக்காகக் கீழே இறங்கி, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறித் திரும்பி வந்த வாரம் அது. அதனால் இதில் கொஞ்சம் எரிச்சல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மெஷினுக்குப் பெயர் டீஹியூமிடிஃபையர். அறைக் காற்றை உள்ளே இழுத்துக் குளிர்ந்த காயிலில் பட வைக்கும், காற்றிலிருந்த ஈரம் தண்ணீராகித் தொட்டியில் சொட்டும். என்னுடையது கம்ப்ரஸர் வகை, 12 லிட்டர் என்று பெட்டியில் போட்டிருக்கும். வீட்டில் ஒரு படுக்கையறை, ஒரு ஹால், கொடி கட்டினால் ஆள் நிற்க இடமில்லாத பால்கனி. ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அக்டோபர், நவம்பரில் மேகம் வாசல் வழியாகவே உள்ளே வரும். சேலத்தில் காலையில் போட்ட ஜீன்ஸை மதியம் மடித்து வைக்கலாம். இங்கே போட்டால் இடுப்புப் பட்டை மறுநாளும் சில்லென்று இருக்கும். அலமாரிக்குள் இருக்கும் தோல் செருப்பில் பச்சையாகப் பூசணம் பிடிக்கும். எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை காயவைக்கும் களத்துக்காரர்கள் வானத்தைப் பார்த்துப் பார்த்துத் தார்ப்பாய் இழுப்பார்கள். நம் பாடும் அதேதான், கொட்டைக்குப் பதில் நைட்டி.

முதலில் அந்த 12 லிட்டரைப் பற்றி. 30 டிகிரி வெயிலும் 80 சதவீத ஈரப்பதமும் இருக்கும்போது ஒரு நாள் முழுக்க ஓடினால் வரும் தண்ணீரின் கணக்கு அது. கடலோர ஊருக்குப் பொருந்தும். இங்கே மழைக்கால ராத்திரியில் 15, 16 டிகிரிதான். அதில் பாதி வந்தாலே பெரிது. குளிர் கூடினால் உள்ளே இருக்கும் காயிலில் பனி கட்டிவிடும். உடனே கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு, வெறும் ஃபேனை ஓட்டி அதைக் கரைத்துக்கொண்டிருக்கும். பார்க்கிறவருக்கு மெஷின் கெட்டுப்போனது போலத் தோன்றும். கெடவில்லை, அதன் இயல்பே அப்படி.

இத்தனை இருந்தும் வேலை என்னவோ பிரமாதம். படுக்கையறையில் மடக்கு ஸ்டாண்டு, துணிக்குத் துணி இரண்டு விரல் இடைவெளி, ஜன்னலும் கதவும் சாத்தி, மேலே ஃபேன் மெதுவாக. ராத்திரி போட்டால் காலையில் சட்டை, உள்ளாடை, தலையணை உறை எல்லாம் மொறமொறவென்று இருக்கும். தண்ணீர்த் தொட்டியை எடுத்துப் பார்த்தால், இவ்வளவும் நம் துணியிலா இருந்தது என்று மலைப்பாக இருக்கும். வெயிலில் காய்ந்த மணம் வராது. ஆனால் அந்த ஈர வாடையும் இல்லை, அது போதும் எனக்கு. நான் எதிர்பார்க்காத லாபம் ஒன்றும் உண்டு: இழுக்கிற கரண்ட் எல்லாம் கடைசியில் சூடாக அறைக்குள்ளேயே தங்கிவிடுவதால், டிசம்பரில் அந்த அறை மட்டும் கதகதவென்று இருக்கும். ராத்திரியில் கால்களை நீட்டிக்கொண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறேன். அப்பளம்கூட நமுத்துப்போவதில்லை.

கரண்ட் செலவு பயந்த அளவு இல்லை. 250 வாட் இழுக்கிறது, நாலு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இலவசமாகக் கிடைக்கும் யூனிட் இனி போதாது, அவ்வளவுதான்.

இப்போது வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். கரண்ட் போய் வந்தால் இது தானாக ஓடாது.

மழை நாளில் மலையில் கரண்ட் எப்படிப் போகும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். எங்காவது சில்வர் ஓக் கிளை ஒன்று கம்பியில் விழும், அல்லது காரணமே இல்லாமல் ஒரு தடவை கண் சிமிட்டிவிட்டு வரும். லைட் வந்துவிடும், ஃபிரிட்ஜ் வந்துவிடும், இந்த மகாராணி மட்டும் ஒற்றைச் சிவப்பு விளக்கோடு சும்மா நிற்பாள். விரலால் தொட்டு எழுப்ப வேண்டும். நான் எட்டு மணிக்கு வேலைக்குப் போகிறவள், யார் எழுப்புவது? டைமர் பிளக்கும் இதற்கு உதவாது. கரண்ட் கொடுப்பதைத்தான் அது செய்யும், பட்டனை அழுத்தாது. இதில் மோசம் என்னவென்றால், மெஷினுக்காக ஜன்னலை எல்லாம் சாத்தி வைத்திருக்கிறோம். அது நின்றுவிட்டால் துணியில் இருந்த ஈரம் முழுக்க அந்தச் சின்ன அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். மெஷினே இல்லாத வீட்டில்கூட ஜன்னல் திறந்திருக்கும், இவ்வளவு நாறாது. சாயங்காலம் கதவைத் திறந்ததும் மூக்குக்குத் தெரிந்துவிடும். திரும்ப எல்லாவற்றையும் வாளியில் போடு.

கம்ப்ரஸர் நின்ற உடனே மறுபடி ஓடக்கூடாது என்பது நியாயமான காரணம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏ.சி.யெல்லாம் மூன்று நிமிடம் பொறுத்துவிட்டுத் தானாக ஓடுகிறதே! அந்தப் புத்தி இதற்கு ஏன் இல்லை?

ரிப்பேர் சின்னது. தொட்டிக்குள் தண்ணீர் மட்டம் பார்க்கும் மிதவையில் வழவழவென்று பாசி மாதிரி ஒட்டி, அது மேலேயே சிக்கிக்கொண்டது. தொட்டி காலி, மெஷினோ நிறைந்துவிட்டது என்று கத்துகிறது. நானே தேய்த்துக் கழுவிப் பார்த்தேன், மசியவில்லை. சேலத்தில் கடைப் பையன் மிதவையை மாற்றிக் கொடுத்தான். "சேலத்துல இதை யாருங்க வாங்கறாங்க" என்று அவனுக்கு ஆச்சரியம். தானாக ஓட ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன். "டச் பட்டன் வெச்சது பாதி இப்படித்தாங்கக்கா. திருகுற மாதிரி குமிழ் வெச்சதுன்னா கரண்ட் வந்ததும் ஓடிரும்." வாங்கும்போது எந்தக் கடைக்காரரும் இதைச் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது படுக்கவைத்துத்தான் கொண்டுவர முடிந்தது. அதனால் வீட்டில் நிமிர்த்தி வைத்து, ராத்திரி முழுக்கத் தொடாமல் விட்டேன். கம்ப்ரஸர் எண்ணெய் கீழே இறங்க வேண்டும்.

அலமாரிக்குள் வைக்கும் உப்பு டப்பாக்கள், ஈரத்தை இழுத்துத் தண்ணீராகச் சேர்த்து வைக்குமே, அவற்றைப் பற்றியும் தோழி கேட்டாள். அலமாரிக்குச் சரி, துணி காயவைக்க உதவாது. கவிழ்ந்தால் பட்டுப்புடவை போச்சு. ரூம் ஹீட்டர் ஈரத்தை வெளியேற்றாது, துணியிலிருந்து எடுத்துக் குளிர்ந்த சுவரில் பூசும்.

சரி, வாங்கலாமா? இன்றைக்குக் கேட்டால் வாங்காதே என்றுதான் சொல்வேன், அதையே சொன்னேன். வாங்கியே ஆக வேண்டும் என்றால் கடையில் ஓடவிட்டு, சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கு. "அப்படின்னா உன்னோடதை எனக்குக் குடுத்துடேன், பாதி விலைக்கு" என்றாள். அதெல்லாம் முடியாது. கம்பளி இரண்டும் இன்னும் துவைக்காமல் கிடக்கிறது.