காய்ச்சுவதா, குளோரினா, ஆர்.ஓ.வா? வேலூர் வீட்டுக் குடிநீர் ஓர் அலசல்

வேலூரின் பல தெருக்களில் குழாயில் தினமும் தண்ணீர் வருவதில்லை. தண்ணீர் விடாத நாட்களில் குழாய் காலியாகக் கிடக்க, விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே கசிகிறது. இணைப்பிலேயே நேரடியாக மோட்டாரைப் போட்டு இழுத்தால் இன்னும் மோசம்: அது தண்ணீரோடு அழுக்கையும் சேர்த்து உறிஞ்சும். மேட்டூரிலிருந்து வரும் காவிரி நீரானாலும் பாலாற்றுக் கிணற்று நீரானாலும், கிளம்பும்போது இருந்த சுத்தத்தை நம்பி உட்கார முடியாது.

கிருமியைக் கொல்வதில் காய்ச்சுவதற்கு ஈடில்லை. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தாலே டைபாய்டு, காலரா, ரோட்டா வைரஸ் எதுவும் தப்பாது. குளோரினுக்கு அசையாத கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்கு ஒட்டுண்ணியும் சாகும். செலவுதான் இடிக்கிறது. நாளுக்கு 10 லிட்டர் காய்ச்சினால் சுமார் 115 கிராம் எரிவாயு ஆகும், மாதத்துக்கு ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. 14.2 கிலோ சிலிண்டரில் கால்வாசி இதற்கே போய்விடும். அதைவிடப் பெரிய குறை, ஆறிய தண்ணீருக்குக் காவல் எதுவும் இல்லாதது. குடத்தில் ஊற்றி, கைவிரல் நனைய டம்ளரால் மொண்டால் அந்த நிமிடமே பாதுகாப்பு போயிற்று. காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடி ஆறவிட்டு, அடியில் குழாய் வைத்த பாத்திரத்துக்கு மாற்றி, அந்தக் குழாயில் பிடித்துக் குடிக்க வேண்டும்.

குளோரின் அப்படியில்லை, தண்ணீரோடு கூடவே இருந்து காக்கும். தொட்டி வைத்திருக்கும் வீட்டுக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான். 1,000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம் போதும். இவ்வளவு சிறிய அளவை நிறுக்க முடியாது என்பதால் 25 கிராமை முதலில் கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் குழைத்து, பிறகு 1 லிட்டராக்கிக் கலக்குங்கள். பத்து நிமிடத்தில் சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததில் 50 மி.லி. எடுத்து 500 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியில் ஊற்றிக் கலக்கி, அரைமணி நேரம் விடுங்கள். பிறகு குளோரோஸ்கோப்பில் (தண்ணீரில் மிஞ்சிய குளோரினை நிறத்தால் காட்டும் சிறு கருவி) அந்தத் தண்ணீரை எடுத்து, ஆர்த்தோடாலிடின் என்ற சோதனைத் திரவத்தைச் சொட்டு விட்டுப் பாருங்கள். மஞ்சள் நிறத்தைப் பத்து நொடிக்குள் ஒப்பிட வேண்டும், தாமதித்தால் வேறு பொருளோடு சேர்ந்து வலுக்குறைந்த குளோரினும் கணக்கில் சேர்ந்துவிடும். லிட்டருக்கு 0.5 மி.கி. தெரிந்தால் நிம்மதி. 0.2-க்குக் கீழே என்றால் அளவைக் கூட்டி மறுபடி பாருங்கள்.

இதில் பெரும்பாலும் தவறுவது பவுடரில்தான். புதிதாக இருக்கும்போது மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். வேலூர் வெயிலில், தகரக் கூரையின் கீழ் வாய் திறந்த மூட்டையில் கிடந்தால் வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும். கட்டி தட்டியது, நெடி குறைந்தது இரண்டையும் ஒதுக்குங்கள். கலங்கல் தண்ணீரிலும் சேறே குளோரினைத் தின்றுவிடும். முதலில் தெளியவிட்டு, வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டுங்கள். தொட்டி இல்லாத வீட்டில் 0.5 கிராம் குளோரின் மாத்திரை ஒன்று 20 லிட்டருக்குப் போதும்.

தண்ணீரைச் சவ்வு வழியே அழுத்தி வடிகட்டும் ஆர்.ஓ. கருவி, உப்பையும் கடினத்தன்மையையும் நீக்க நல்லது. சவ்வு நன்றாக இருக்கும்வரை கிருமியையும் தடுக்கும். ஆனால் தண்ணீரில் இருந்த குளோரினை அதன் கார்பன் வடிகட்டியே எடுத்துவிடுவதால், உள்தொட்டியில் தேங்கும் நீர் காவலற்றது. கழுவாத கேனுக்கும் இதே கதைதான்.

வேலூர்க் குடிசைப் பகுதிக் குழந்தைகளிடம் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு ஒன்றை இங்கே மறக்கக் கூடாது. பாட்டில் தண்ணீர் குடித்த குழந்தைகளுக்குக் கிரிப்டோஸ்போரிடியம் தொற்று குறையவில்லை. கிருமிக்குத் தண்ணீரைத் தவிர வேறு வழிகளும் உண்டு: கழுவாத கை, குழந்தையின் மலம் பட்ட தரை.

இந்தக் கிருமி குளோரினுக்கும் சாகாது. ஆகவே இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில், தொட்டிக்குக் குளோரின் போட்ட பிறகும் குழந்தைக்கான தண்ணீரைத் தனியே காய்ச்சுங்கள். நாளுக்கு 2 லிட்டர் என்றால் எரிவாயு பெரிய சுமையாகாது. கழிப்பறைக்குப் போய் வந்த பின்னும் சோறு ஊட்டும் முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் ஒரே நேரத்தில் வயிற்றுப்போக்கு என்றால் உடனே சுகாதார ஆய்வாளருக்குச் சொல்லுங்கள். குழாய் உடைப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை, குடிக்கும் தண்ணீர் முழுவதையும் எல்லோரும் காய்ச்சியே குடிக்க வேண்டும்.