டோனர் முறையில் வீட்டிலேயே பிசிபி: என்னைப் படுத்துவது தாள்தான்

வீட்டிலேயே பிசிபி, அதாவது சர்க்யூட் போர்டு, செய்ய லேமினேட்டர் வாங்கலாமா, விலை குறைந்திருக்கிறது என்று ஒரு நண்பர் கேட்டார். லேசர் பிரிண்டரில் தாளில் எடுத்த படத்தின் டோனரை (மைப்பொடியை) சூட்டால் செம்புப் போர்டில் ஒட்டவைத்து, டோனர் மூடாத செம்பை அரித்து நீக்குவதுதான் டோனர் முறை. பிரிண்ட் எடுப்பதும் ஃபெரிக் குளோரைடு கரைசலில் அரிப்பதும் அவருக்கே தெரியும், அதைத் தவிர்த்து மற்றதைச் சொல்கிறேன்.

இஸ்திரிப் பெட்டியைவிட லேமினேட்டர் பல மடங்கு மேல். சூடும் அழுத்தமும் போர்டு முழுக்கச் சீராக விழுவதால் 0.3 மி.மீ. கோடுகூட உடையாமல் வருகிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: சாதாரண லேமினேட்டரில் 1.6 மி.மீ. போர்டு நுழையத் திணறும். 0.8 மி.மீ. போர்டு வாங்கிப் பல தடவை விடுங்கள்.

எனக்குப் பிடித்தது துளை போடும் கட்டம். சர்க்யூட் வரையும் மென்பொருளான கைகாடில் பிரிண்ட் எடுக்கும்போது டிரில் மார்க்கைச் சின்னதாக வைத்தால், அரித்து முடித்ததும் ஒவ்வொரு பேடின் (பாகத்தின் காலைப் பற்றவைக்கும் செம்புத் திட்டின்) நடுவிலும் பொடிக் குழி விழுந்திருக்கும். டிரில் முனை வழுக்காமல் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். வரிசை பிசகாத ஐசி (சிப்) சாக்கெட்டைப் பார்க்கும் சந்தோஷம் இன்றுவரை குறையவில்லை.

ஆனால் இந்தத் தாள்! டோனர் என்பது சூட்டில் இளகும் பிளாஸ்டிக். அது செம்பில் ஒட்டிக்கொண்டு தாளை விட்டுவிட வேண்டும். வழவழப்பான பத்திரிகைத் தாளின் களிமண் பூச்சு தண்ணீரில் ஊறிக் கழன்றுவிடுவதால்தான் அது இதற்குச் சரிப்படுகிறது. போன மாத இதழில் அழகாக உரிந்த தாள், இந்த மாத இதழில் நார் நாராகப் பிய்கிறது. கடையில் போட்டோ பேப்பர் கேட்டால் இங்க்ஜெட் தாளை நீட்டுகிறார்கள். அதில் சிலவற்றின் பிளாஸ்டிக் பூச்சு லேசர் பிரிண்டரில் டோனரைச் சூடாக்கிப் பதிக்கும் ஃபியூசர் உருளையில் உருகி ஒட்டிவிடும். அப்புறம் பிரிண்டரே போச்சு.

ஐசி கால்களுக்கு நடுவே சிக்கும் நார்தான் மிக மோசம். ஈரமாக இருக்கும்வரை தெரியாது, காய்ந்த பிறகே வெள்ளையாகத் தெரியும். அதனால் பல் பிரஷால் தேய்த்து, காய விட்டு, பார்த்து, மறுபடி ஊறவைக்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நார் தங்கினாலும் கரைசல் அந்த இடத்துச் செம்பைத் தொடாது, பக்கத்துக் கோடுகள் ஒன்றாகச் சேர்ந்து ஷார்ட்தான். அழுத்தித் தேய்த்தாலோ கோடே பெயர்ந்து வருகிறது. செம்பு கலந்த பழைய கரைசலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது என்பதால் அது வேறு கேன் கேனாகச் சேர்கிறது.

சாயங்காலம் வரைந்த சர்க்யூட்டை அன்றிரவே ஓட்டிப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஒற்றைப் பக்க போர்டுக்குத் தாராளமாகப் போதும். இருந்தும் நண்பருக்கு என் பதில்: லேமினேட்டர் வேண்டாம், போர்டை ஆர்டர் போட்டுவிடுங்கள். நேற்று ராத்திரி முழுக்க நார் உரித்த கோபம் இன்னும் எனக்கு அடங்கவில்லை.