28,500 ரூபாய் கட்டியும் விடிய விடிய அழுதார் அம்மா

நேற்று மாலைதான் அம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்தோம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்; ஆறிவிட்டால் "சரி, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததே" என்று நானே சமாதானமாகிவிடுவேன்.

ஊர் திருச்சி. ஒரு தனியார் எலும்பு மருத்துவமனை, பெயர் வேண்டாம். முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை. அம்மா பயந்ததெல்லாம் வலிக்குத்தான். அதைப் புரிந்துகொண்ட ஒருங்கிணைப்பாளர் பெண், சிரிக்கும் முகத்தில் தொடங்கி அழும் முகத்தில் முடிகிற, 0 முதல் 10 வரை எண் போட்ட அட்டையைக் காட்டினார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள் வலி மூன்றைத் தாண்டாது, அதற்கு நான் பொறுப்பு அம்மா" என்றார். தொடை நரம்புக்குப் பக்கத்தில் மெல்லிய குழாய் வைத்து, பந்து போன்ற பம்பிலிருந்து இரண்டு நாளுக்கு மரப்பு மருந்து இறங்கிக்கொண்டே இருக்குமாம். ஆபரேஷன் கட்டணத்துக்கு மேல் தனியாக 28,500 ரூபாய். அம்மா என் முகத்தைப் பார்த்தார். கட்டிவிட்டேன்.

ஆபரேஷன் அன்று இரவு பதினொன்றரைக்கு, ஆபரேஷனுக்காகப் போட்ட மரப்பு விட்டது. அம்மா போர்வை நுனியைக் கடித்துக்கொண்டு அழுதார். "ஆபரேஷன் என்றால் வலிக்கத்தான் செய்யும்" என்று சொல்லி நர்ஸ் ஒரு பாராசிட்டமால் பாட்டிலை மாட்டினார். மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிடுங்கள் என்றால், "காலையில் ரவுண்ட்ஸ் வருவார்." ஏழரைக்கு வந்தார். மருந்து இறங்க இறங்கச் சுருங்க வேண்டிய பந்து, மாட்டியபோது இருந்த அதே உருண்டையாக இருந்தது. குழாயில் இருந்த கிளிப்பை யாருமே திறக்கவில்லை! ஒரு வார்த்தை பேசாமல் திறந்துவிட்டுப் போனார். கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையிலோ, இரவு 2 மணிக்கு "வலி: 2" என்று எழுதியிருந்தது. யார் கேட்டார்கள், யார் சொன்னார்கள்?

கொஞ்ச நேரத்தில் நடக்க வைக்க பிசியோதெரபிஸ்ட் வந்தார். அம்மா காலைத் தொடவே விடவில்லை. மடக்கிப் பழகாவிட்டால் மூட்டு இறுகிவிடும் என்று திட்டு வேறு, அதுவும் அம்மாவுக்கு.

28,500 ரூபாயைத் திருப்பிக் கேட்டேன். பில்லிங்கில் மயக்க மருந்துப் பிரிவைக் கேட்கச் சொன்னார்கள். அங்கே ஒருங்கிணைப்பாளரைக் கேட்கச் சொன்னார்கள். அவரோ, "ஒவ்வொருவர் உடம்பும் ஒவ்வொரு மாதிரி சார்" என்றார். கிளிப் அம்மாவின் உடம்பிலா முளைத்தது?

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. டிஸ்சார்ஜ் அன்று நான் மருந்து வாங்கப் போன நேரத்தில், அம்மாவிடம் கருத்துக் கேட்கும் டேப்லெட் திரையை நீட்டி, "ஐந்து ஸ்டாரையும் தொடுங்கள் பாட்டி, டிஸ்சார்ஜ் சம்மரி சீக்கிரம் வந்துவிடும்" என்றிருக்கிறார்கள். தொட்டுவிட்டார். இன்று காலை போன் செய்தால் பதில் என்ன தெரியுமா? "வலி நிவாரணத்துக்கு உங்கள் அம்மாவே முழுத் திருப்தி என்று பதிந்திருக்கிறாரே." காப்பீட்டு நிறுவனமும், பில்லில் "வலி மேலாண்மை பேக்கேஜ்" என்று ஒரே வரிதான் இருக்கிறது, விவரம் இல்லை என்று அந்த 28,500-ஐக் கழித்துவிட்டது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. பேக்கேஜ் என்றால் என்ன மருந்து, எத்தனை மணி நேரம், இரவில் யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். பம்ப் வைத்தால் கிளிப் திறந்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். வீட்டுக்கு வரும்வரை எந்த ஸ்டாரையும் தொடாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. மருத்துவப் பதிவேடுகளை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. நான் இன்று மதியம் எழுதிக் கொடுத்தாயிற்று. அந்த 2 மணி அட்டை எனக்கு வேண்டும்.