நெஞ்செலும்பு வலியும் ஒழுகும் வெந்நீர்ப் பையும்: 9 மாத அனுபவம்

போன வாரம் ராத்திரி வெந்நீர்ப் பையின் மூடி கசிந்து விலாவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கொப்புளம். அந்தக் கடுப்போடுதான் எழுதுகிறேன், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். அந்தப் பையை நான் வைத்துக்கொள்வது நெஞ்செலும்பு வலிக்கு, மேலூரில் இருக்கும் நண்பனுக்கும் இப்போது அதே வலி. "மாப்ள, நீ என்னதான்டா பண்ணுன?" என்று நாலு நாளாகக் கேட்கிறான், ஃபோனில் சொல்லி மாளவில்லை.

எனக்கு வந்தது தீபாவளிச் சரக்கு இறங்கிய நேரம். விளக்குத்தூண் பக்கம் சின்னதாக ரெடிமேட் கடை வைத்திருக்கிறேன், பையன் லீவு போட்ட அன்று பண்டல்களை நானே தூக்கி மேல் தட்டில் அடுக்கினேன். இரண்டு நாள் கழித்து இடது நெஞ்சில் சுருக் சுருக்கென்று ஆரம்பித்தது. தும்மினால் உயிர் போகும், கொட்டாவியைக்கூட பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது. வாயுப்பிடிப்புதான் என்று அம்மா பூண்டைச் சுட்டு எடுத்து வந்தார். மனைவி ஒன்றும் பேசாமல் ஆட்டோவைக் கூப்பிட்டாள். அவள் செய்ததுதான் சரி. 44 வயதில் இடது நெஞ்சு வலித்தால் முதலில் ஈசிஜி, பூண்டெல்லாம் அப்புறம். நண்பனிடம் நான் முதலில் கேட்டதும் அதைத்தான், எடுத்துவிட்டானாம்.

ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு டாக்டர் மார்பெலும்பின் ஓரமாக ஒற்றை விரலால் ஒவ்வொரு விலாவாக அமுக்கிக்கொண்டே வந்தார். மூன்றாவதில் கை வைத்ததும் கத்திவிட்டேன். "இதே வலிதானே?" என்றார். அதேதான். சீட்டில் காஸ்டோகாண்ட்ரைட்டிஸ் என்று எழுதினார். கறிக்கடையில் நெஞ்செலும்பு கேட்டு வாங்கி சூப் வைத்து, கடைசியில் அந்த வெள்ளைக் குருத்தைக் கறுக்கு முறுக்கென்று கடிப்போமே, விலா எலும்பையும் மார்பெலும்பையும் சேர்க்கும் அதே குருத்து நமக்கும் இருக்கிறது, அதில் அழற்சி. அந்த இடம் வீங்கியும் இருந்தால் டீட்சே சிண்ட்ரோம் என்பார்கள், 1921-இல் அதை விவரித்த ஜெர்மன் டாக்டரின் பெயர். எனக்கு வீக்கம் இல்லை, வலி மட்டும்தான்.

மாத்திரை அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்தது, காலையும் ராத்திரியும் சாப்பிட்ட பிறகு. மூன்றாம் நாளே நிம்மதியாகத் திரும்பிப் படுத்தேன். ஐந்தாம் நாள் வயிறு எரிய ஆரம்பித்தது, வெறும் வயிற்றில் போடச் சொன்ன பாண்டோபிரசோலை, அதாவது அசிடிட்டி மாத்திரையை, நான் பாதி நாள் மறந்திருந்தேன், நடுவில் ஒரு ராத்திரி பரோட்டா சால்னா வேறு. பத்து நாளோடு டாக்டரே நிறுத்திவிட்டார், வயிறும் கிட்னியும் கெடும், இழுத்துக்கொண்டே போகக்கூடாது என்றார். டைக்ளோஃபெனாக் ஜெல்லும் வாங்கினேன். வலிக்கிற இடத்தில் வலிக்காமல் எப்படித் தேய்ப்பது என்று அதை விற்பவர்கள்தான் சொல்ல வேண்டும். ஜெல் போட்ட இடத்தில் சூடு வைக்கக்கூடாது, எனக்கோ சூடு இல்லாமல் முடியாது. டியூப் இன்னும் பாதி கிடக்கிறது.

அந்தச் சூட்டைத் தந்தது இந்தப் பைதான். ரப்பர் பை, மெடிக்கலில் 280 ரூபாய். முக்கால் பாகத்துக்குக் கொஞ்சம் குறைவாக வெந்நீர் ஊற்றி, பையை அமுக்கிக் காற்றை வெளியேற்றி, மூடியைத் திருகி, பழைய துண்டில் சுற்றி நெஞ்சில் வைத்தால் பதினைந்து நிமிடத்தில் இறுகிப்போன நெஞ்சு இளகும். கடை ஷட்டரை இழுத்துவிட்டு, பள்ளம் பள்ளமாக வண்டியில் குலுங்கி வீடு வந்து சேர்ந்ததும் எனக்கு அந்தப் பதினைந்து நிமிடம் வேண்டும், மத்ததெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஆனால் அந்த மூடி! உள்ளே வளையல் மாதிரி ஒரு வாஷர் இருக்கிறது, இரண்டாம் மாதமே அது ஒரு பக்கம் சப்பிவிட்டது. கடையில் கேட்டால் வாஷர் மட்டும் தனியாக வராதாம், புதுப் பை எடுத்துக்கோங்க அண்ணே என்கிறான். புதுப் பையும் எடுத்தேன், நாலாவது மாதம் அதே கதை. நியாயமாகச் சொன்னால் என் மேலும் தப்பு இருக்கிறது. கொதிக்கக் கொதிக்க ஊற்றக்கூடாது என்று அட்டையிலேயே போட்டிருக்கிறான், நான் அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு ஊற்றுகிற ஆள். அதற்காக நிமிர்த்தி வைத்தால் ஒழுகாமல், படுக்க வைத்தால் மட்டும் ஒழுகுமா? படுத்துக்கொண்டு வைப்பதற்குத்தானே பையே!

பிசியோதெரபிக்கு ஆறு தடவை போனேன். கரண்ட் வைத்ததில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. கடைசி நாள் அந்தப் பெண் போகிற போக்கில் சொல்லிக்கொடுத்த ஒன்றைத்தான் இன்றுவரை விடவில்லை. கதவு நிலையில் இரண்டு முழங்கையையும் ஊன்றி, நெஞ்சு விரிகிற வரை முன்னால் சாய்ந்து முப்பது விநாடி நிற்க வேண்டும், அவ்வளவுதான். வலி உச்சத்தில் இருக்கும்போது செய்யாதீர்கள், நான் செய்து அழுதிருக்கிறேன். இது எதற்கும் அடங்காவிட்டால் அந்த இடத்திலேயே ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பலருக்குச் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில் தானாகவே அடங்கிவிடும் என்றும் அவரேதான் சொன்னார், அதனால் ஊசி வரை நான் போகவில்லை. எனக்கு ஏழு மாதம் ஆனது. இப்போது பண்டல் தூக்கினால் மட்டும் லேசாக எட்டிப் பார்க்கிறது.

மார்க் போடச் சொன்னால், வயிற்றைக் கெடுத்த மாத்திரைக்கு நாலு ஸ்டார், கதவு நிலைக்கு நாலரை. பைக்கு ஒன்று, அதுவும் கொப்புளம் சின்னது என்பதால். நேற்று நண்பன் இங்கிட்டு வந்தவன், அவ்வளவு மோசம் என்றால் அந்தப் பையை நான் எடுத்துட்டுப் போறேனே என்று கேட்டான். தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.