முகாமா, மன்றமா: கடற்கரை ஊர் இளைஞர்களுக்கு எது பொருந்தும்?

ஊர்ப் பொதுக் காரியங்களுக்கென்று சேரும் மகமைப் பணத்தில் ஒரு பகுதியை இளைஞர்களுக்கென்று ஒதுக்க எங்கள் ஊர்க் கமிட்டி முடிவெடுத்தபோது இரண்டு யோசனைகள் வந்தன. வெளியிலிருந்து பயிற்சியாளர்களை வரவழைத்து மூன்று நாள் தங்கிப் படிக்கும் தலைமைப் பண்பு முகாம் ஒன்று. பழைய வலைக் கொட்டகையைச் சரிசெய்து மாலைதோறும் திறக்கும் இளைஞர் மன்றம் மற்றொன்று. நான் மன்றத்துக்காகப் பேசினேன். அதுவே முடிவாகி இன்றுவரை நடக்கிறது. ஆகவே இந்த ஒப்பீட்டில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

முகாமின் நன்மைகள் தெரிந்தவைதான். மைக்கைக் கண்டாலே ஒதுங்கும் பிள்ளைகளுக்குக் கூச்சம் விலகுகிறது. வேற்றூர்ப் பிள்ளைகளோடு பழக்கம் கிடைக்கிறது. கையில் ஒரு சான்றிதழும் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த பத்து வாழ்க்கைத் திறன்களை விளையாட்டும் நாடகமுமாகச் சொல்லித்தரத் தேர்ந்த பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். அந்த நேர்த்தி எங்கள் கொட்டகையில் கிடையாது.

சிக்கல் நாட்காட்டியில் தொடங்குகிறது. முகாம்கள் பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறில் நடக்கின்றன. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. எந்த மூன்று நாளை எடுத்தாலும் யாரோ ஒருவனுக்குக் கடல் நாள், அன்றைய மீன் வருமானத்தில் அவன் பங்கு போய்விடும். கடைசியில் முகாமில் உட்கார்ந்திருப்பவர்கள் கல்லூரி மாணவர்கள்தான். பத்தாம் வகுப்போடு படகேறியவன் கரையில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருப்பான். அவனுக்குத்தான் இந்தப் பயிற்சி முதலில் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் முகாம் வைக்கலாமே என்பார்கள். வைக்கலாம். ஆனால் அந்தத் தடை நாட்டுப்படகுகளுக்கு இல்லை. விசைப்படகுப் பையன்களிலும் சிலர் அந்த நாட்களில் கேரளக் கரைக்கு வேலைக்குப் போய்விடுவார்கள்.

என் முடிவைத் தீர்மானித்தது இதுவும் அல்ல, பராமரிப்புதான். சாவி யார் கையில், கணக்கு நோட்டு யார் கையில் என்ற இரண்டே கேள்விகள். முகாமில் சோறு, பந்தல், பஸ் எல்லாவற்றையும் நடத்துகிறவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். இளைஞன் விருந்தாளி. மூன்றாம் நாள் மாலை குழுப் புகைப்படத்தோடு அவன் பொறுப்பு முடிந்துவிடுகிறது. மன்றத்தில் அப்படி முடியாது. மின் கட்டணம் வரும், ஐப்பசி மழையில் கூரை ஒழுகும், உப்புக்காற்றில் பூட்டு துருப்பிடிக்கும். ஒவ்வொன்றுக்கும் யாராவது பணம் கேட்க வேண்டும், யாராவது மறுக்க வேண்டும், கடைசியில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

ஒரு மாதக் கூட்டம் நினைவில் இருக்கிறது. டியூப்லைட் மாற்றியதற்கு 180 ரூபாய் என்று செயலாளர் சொன்னார். நோட்டு எழுதும் பெண் பிளஸ் டூ படிப்பவள். பேனாவை மூடி வைத்துவிட்டு, "ரசீது இல்லாமல் நான் எழுத மாட்டேன், அண்ணே" என்றாள். செயலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் அவளைவிட மூத்தவர், விசைப்படகில் போகிறவர், ஒரு வகையில் உறவும்கூட. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவரே எழுந்து கடைக்குப் போய்க் கைச்சீட்டு வாங்கி வந்தார். முடிவெடுத்தல், கோபத்தை அடக்குதல், மூத்தவரிடம் மரியாதை குறையாமல் மறுத்துப் பேசுதல் என்று முகாமில் தனித்தனி வகுப்பாக நடப்பவை இங்கே ஒரு டியூப்லைட்டில் முடிந்தன.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பெரியவர்கள் சாவியைத் திரும்பக் கேட்கக் கூடாது. எங்கள் கமிட்டியிலேயே இரண்டு முறை கேட்டார்கள். கைப்பந்து வலை வாங்கியது வீண் செலவு என்பது ஒரு காரணம். பையன்கள் இரவு வெகுநேரம் இருக்கிறார்கள் என்பது மற்றொன்று. இரண்டாவதில் நியாயம் இருந்தது. பூட்டும் நேரத்தை இளைஞர்களே தீர்மானமாக எழுதிக் கொடுத்த பிறகு பேச்சு அடங்கியது. கமிட்டிக்கு அந்தப் பொறுமை இல்லையென்றால் முகாமே நடத்திவிடலாம், செலவாவது ஒரே தடவையோடு போகும்.

பொறுப்பைக் கையில் எடுத்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கரையிலேயே சான்று இருக்கிறது. பாம்பன் சின்னப்பாலத்தின் லட்சுமி கடற்பாசி எடுக்கும் பெண்களை ஒன்றுதிரட்டித் தலைமை ஏற்றவர். தீவுகளின் இயற்கைச் சூழலைக் காக்கும் சீகாலஜி அமைப்பின் விருதை 2015இல் பெற்றார். பாசி எடுப்பதில் அந்தப் பெண்கள் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். பாம்பனில் இயங்கும் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலியில் மீனவ சமுதாயத்தவரே பேசுகிறார்கள்.

மன்றத்தைச் சங்கமாகப் பதிவு செய்ய ஏழு பேர் போதும்; நேரு யுவ கேந்திராவாக 1972இல் தொடங்கிய இளைஞர் திட்டம் போன்ற அரசு ஏற்பாடுகளோடு இணையவும் வழி உண்டு. ஆனால் அதை முதல் ஆண்டிலேயே தொடங்க வேண்டாம். காகித வேலையில் பிள்ளைகளின் ஆர்வம் வடிந்துவிடும்.

எனக்கே உறுதியாகத் தெரியாதவையும் உண்டு. பெண் பிள்ளைகள் இப்போது ஆறு மணிக்குள் வீடு திரும்பும்படி தனி நேரம் வைத்திருக்கிறோம். கல்யாணத்துக்குப் பிறகும் தொடர்வார்களா என்பதற்கு எங்களிடம் இன்னும் விடை இல்லை. சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பையன்கள் கிளம்பினால் நிர்வாகிகள் பாதியில் மாறுவார்கள். கடலுக்குப் போகாத உள்நாட்டு ஊர்களில், முதுகுளத்தூர், கமுதிப் பக்கம், நாள் சிக்கல் இந்த அளவுக்கு இருக்காது; அங்கே முகாம் நன்றாகவே எடுபடலாம்.

இரண்டுக்கும் பணம் இருக்கிற ஊர் முதலில் மன்றத்தைத் தொடங்கட்டும். ஓராண்டு கழித்து முகாமுக்கு யார் போவது, எந்த நாளில் வைப்பது என்பதை மன்றத்தின் மாதக் கூட்டமே முடிவு செய்யட்டும். பயிற்சியாளருக்குக் கடிதம் எழுதுவதும் சாப்பாட்டுக்கு விலை பேசுவதும் அவர்கள் பொறுப்பாகவே இருக்கட்டும்.