உரிமப் பட்டியல்கள் ஒரு மதிப்பீடு: பெயர் இருக்கிறது, தீர்ப்பு எங்கே?

"எஸ்பிடிஎக்ஸ் பட்டியலில் இந்த உரிமத்தின் பெயர் இருக்கிறதே, அப்படியானால் இது கட்டற்ற மென்பொருள்தானே?" உரிமம் சரிபார்ப்பவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. இல்லை. கட்டற்றது என்றால் ஓட்டவும், படிக்கவும், மாற்றவும், பகிரவும் எல்லோருக்கும் சுதந்திரம் தருவது. உரிமங்களுக்குப் பெயர் சூட்டும் அந்தப் பட்டியல் இதைத் தீர்மானிக்க உருவானதே அல்ல.

லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் நடக்கும் எஸ்பிடிஎக்ஸ் திட்டம் (2021 முதல் ஐஎஸ்ஓ/ஐஇசி 5962 என்ற தரம்) 600க்கும் மேற்பட்ட உரிமங்களுக்கு ஆளுக்கொரு குறியீட்டுப் பெயர் கொடுத்து வைத்திருக்கிறது. மாங்கோடிபியின் எஸ்எஸ்பிஎல், வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் சிசி பிஒய்-என்சி, பியுஎஸ்எல் 1.1 எல்லாம் அதில் உண்டு. அவற்றில் எதுவும் கட்டற்றது அல்ல. பட்டியலின் வலப்பக்கம் இரண்டு பத்திகள் உள்ளன: எஃப்எஸ்எஃப் (ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன்) கட்டற்றது என்கிறதா, ஓஎஸ்ஐ (ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ்) ஏற்றதா. ஆம் என்றால் 'ஒய்' என்று இருக்கும், இல்லையென்றால் வெற்றிடம். ஆள் தவறுவது இந்த வெற்றிடத்தில்தான். எஃப்எஸ்எஃப் பத்தி காலியாக இருந்தால், "கட்டற்றது அல்ல" என்று தீர்ப்புச் சொல்லப்பட்டிருக்கலாம். அந்த உரிமத்தை எஃப்எஸ்எஃப் இன்னும் பார்க்கவே இல்லை என்றும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

பெயர் சூட்டும் வேலையில் இதற்கு ஈடு இல்லை. க்னூ பொது உரிமத்தின் (ஜிபிஎல்) 2ஆம் பதிப்புக்கான 'ஜிபிஎல்-2.0' என்ற பழைய குறியீட்டை 2017 கடைசியில் வழக்கொழித்து, '2.0 மட்டும்', '2.0 அல்லது பிந்தையது' என்று இரண்டாகப் பிரித்தார்கள். வெறும் எழுத்து மாற்றம் அல்ல இது. அப்பாச்சி 2.0 உரிமக் குறிமுறை ஜிபிஎல் 3 உடன் சேரும். காப்புரிமை (பேட்டன்ட்) பற்றிய விதிகளால் ஜிபிஎல் 2 உடன் சேராது. 'பிந்தையது' என்று இருந்தால் 3க்குப் போய் இரண்டையும் சேர்த்துவிடலாம், 'மட்டும்' என்று இருந்தால் வழியில்லை. பழைய குறியீட்டையே இன்னும் வைத்திருக்கும் திட்டத்தில், மூலக்கோப்புகளின் தலைப்பைத் திறந்து பார்க்காமல் இதற்கு விடை கிடைக்காது.

தீர்ப்பு வேண்டுமென்றால் முதலில் போக வேண்டிய இடம் எஃப்எஸ்எஃப் பராமரிக்கும் பட்டியல், க்னூ தளத்தில் உள்ளது. ஜிபிஎல்லுடன் ஒத்துப்போகும் கட்டற்ற உரிமங்கள், ஒத்துப்போகாத கட்டற்ற உரிமங்கள், கட்டற்றவை அல்லாதவை என்று மென்பொருள் உரிமங்கள் மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஆவணங்களுக்கும் எழுத்துருக்களுக்கும் தனிப் பகுதிகள். அதன் மதிப்பு இந்தப் பாகுபாட்டைவிட, ஒவ்வொரு பதிவிலும் எழுதியிருக்கும் காரணத்தில் இருக்கிறது.

ஜேசன் (தரவைப் பரிமாறும் ஒரு வடிவம்) நிரலோடு வந்த ஜேசன் உரிமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எம்ஐடி என்று நாம் அழைக்கும் உரைதான், கூடவே ஒரே ஒரு வரி: இந்த மென்பொருளை நல்லதற்குப் பயன்படுத்த வேண்டும், தீயதற்கு அல்ல. படிப்பவர் பெரும்பாலும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார். பட்டியல் நகர்வதில்லை. எந்த நோக்கத்துக்கும் மென்பொருளை ஓட்டலாம் என்பது நான்கு சுதந்திரங்களில் முதலாவது, எண் 0. இந்த வரி அதைக் கட்டுப்படுத்துகிறது. நீதிமன்றத்தில் செல்லாமல் போகலாம், ஆனால் செல்லாது என்று முன்கூட்டியே வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே கட்டற்றது அல்ல. இந்த ஒரு வரியின் விளைவு பெரியது. லினக்ஸ் வழங்கலான டெபியன் அந்த உரிமத்தை ஏற்கவில்லை. நிரல்மொழியான பிஎச்பியின் 7ஆம் பதிப்பு வந்தபோது பழைய ஜேசன் பகுதியை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார்கள், உரிமமும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2016இல் அப்பாச்சி ஃபவுண்டேஷனும் தன் திட்டங்களில் சேர்க்கக்கூடாத வகைக்கு அதை மாற்றியது. பழைய ஜாவா திட்டங்களில் இந்த உரிமம் நேரடியாகத் தென்படாது. சார்புக்குச் சார்பாக (திட்டம் பயன்படுத்தும் நூலகம், அந்த நூலகம் பயன்படுத்தும் நூலகம் என்று), மூன்றாவது நான்காவது அடுக்கில் கிடக்கும். சார்பு மரத்தை முழுதாக விரித்தால்தான் பிடிபடும்.

எஃப்எஸ்எஃப் பட்டியலில் 'எம்ஐடி' என்று தேடுபவர் எக்ஸ்பேட், எக்ஸ்11 என்ற இரண்டு பதிவுகளில் போய் நிற்பார். எம்ஐடி நிறுவனம் பல உரிமங்களைப் பயன்படுத்தியிருப்பதால் அந்தப் பெயர் தெளிவற்றது என்பது எஃப்எஸ்எஃப்பின் நிலைப்பாடு. நியாயமானதுதான், புதியவரைக் குழப்பும் என்பதும் உண்மைதான். குறை என்று சொல்ல வேண்டியது வேறு: எல்லாம் ஒரே நீண்ட பக்கம், மனிதர் படிப்பதற்கு எழுதியது, நிரல் நேராக வாசிக்கத் தோதானது அல்ல.

ஓஎஸ்ஐயின் பட்டியல் ஏற்றவற்றை மட்டும் காட்டுகிறது. அதில் ஒரு பெயர் இல்லை என்றால் மறுத்தார்களா, யாரும் விண்ணப்பிக்கவே இல்லையா, விண்ணப்பித்துத் திரும்பப் பெற்றார்களா என்று பட்டியலை வைத்துச் சொல்ல முடியாது. 2019 மார்ச்சில் எஸ்எஸ்பிஎல் திரும்பப் பெறப்பட்டது. 2012இல் சிசி0வும் (உரிமைகளைத் துறந்து பொதுவுக்கு விடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரை) அப்படியே. ஓஎஸ்ஐ ஏற்றதெல்லாம் கட்டற்றது என்றும் வைத்துக்கொள்ள வேண்டாம். நாசாவின் உரிமம் 1.3ஐ ஓஎஸ்ஐ ஏற்றிருக்கிறது, எஃப்எஸ்எஃப் ஏற்கவில்லை. செய்யும் மாற்றம் உங்கள் சொந்தப் படைப்பாக இருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. அப்படியானால் வேறொரு கட்டற்ற திட்டத்திலிருந்து நாலு வரியை எடுத்து அதில் ஒட்ட முடியாது. ஆர்டிஸ்டிக் 1.0வும் இதே நிலையில் இருக்கிறது, அதன் வாசகம் தெளிவற்றது என்பதால். 2.0 அந்தக் குறையைத் தீர்த்துவிட்டது.

அன்றாட வேலைக்கு எங்கள் முதல் தேர்வு, இன்னொரு லினக்ஸ் வழங்கலான ஃபெடோராவின் உரிமத் தரவு. 'நல்லது', 'கெட்டது' என்று விக்கியில் இருந்த பழைய பட்டியலை விட்டுவிட்டு, 2022இல் எஸ்பிடிஎக்ஸ் குறியீடுகளுக்கு மாறினார்கள். ஒவ்வொரு உரிமத்துக்கும் கிட்லேப் தளத்தில் ஒரு சிறு கோப்பு, அதில் குறியீடும் நிலையும். நிலை வெறும் ஆம், இல்லை அல்ல: மென்பொருளுக்கு அனுமதி, உள்ளடக்கத்துக்கு மட்டும், ஆவணத்துக்கு மட்டும், எழுத்துருவுக்கு மட்டும், ஃபர்ம்வேருக்கு (வன்பொருளுக்குள் ஓடும் நிரல்) மட்டும், அனுமதி இல்லை என்று பிரித்திருக்கிறார்கள். இந்தப் பிரிவு ஏன் வேண்டும் என்பதற்கு சிசி0வே சாட்சி. படத்துக்கும் தரவுக்கும் அது சரி. ஆனால் காப்புரிமைகளை விட்டுத்தரவில்லை என்று அதன் உரையே சொல்வதால், குறிமுறைக்கு இனி வேண்டாம் என்று 2022இல் ஃபெடோரா முடிவெடுத்தது. எஃப்எஸ்எஃப் பட்டியலில் அதே சிசி0 கட்டற்றது. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள், ஒன்றை வைத்து மற்றதைப் பொய் என்று சொல்ல முடியாது.

டெபியனில் அதிகாரபூர்வமான உரிமப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. உரிமத்தை அல்ல, நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள் தொகுப்பைத்தான் எடைபோடுகிறார்கள். நிறுவியிருக்கும் எந்தத் தொகுப்புக்கும் அதன் ஆவண அடைவில் 'காப்பிரைட்' என்ற கோப்பு இருக்கும், கோப்புவாரியாக உரிமம் சொல்லும் விவரம் பலவற்றில் உண்டு. 'செக்-டிஎஃப்எஸ்ஜி-ஸ்டேட்டஸ்' என்ற சிறு நிரல் கணினியில் உள்ள கட்டற்றவை அல்லாத தொகுப்புகளைப் பட்டியலிடும். ஆனால் அது பார்ப்பது தொகுப்பின் பிரிவுப் பெயரை மட்டுமே. வெளி நிறுவனத்தின் களஞ்சியத்திலிருந்து வந்த தொகுப்பு தன் பிரிவை 'நான்-ஃப்ரீ' என்று குறிக்காவிட்டால் சத்தமில்லாமல் தப்பிவிடும்.

சரிபார்க்கும் வரிசை இது. உரிமக் கோப்பின் முழு உரையை ஸ்கேன்கோட் அல்லது லைசென்ஸ்செக் என்ற கருவியைக் கொண்டு அடையாளம் காணுங்கள். திட்டத்தின் முகப்பில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். கிடைத்த குறியீட்டை ஃபெடோராவின் 'லைசென்ஸ்-வேலிடேட்' கருவியில் கொடுங்கள். மறுத்தால் எஃப்எஸ்எஃப் பட்டியலில் காரணத்தைப் படியுங்கள். இரண்டு உரிமங்கள் 'ஆர்' என்று இணைந்திருந்தால் ஒன்று தேறினால் போதும். பெர்ல் இப்படித்தான் ஜிபிஎல்லையும் ஆர்டிஸ்டிக் 1.0வையும் சேர்த்துத் தருகிறது. 'ஆண்ட்' என்று இருந்தால் இரண்டும் தேற வேண்டும். 'ரீயூஸ் லிண்ட்' என்ற கருவி பச்சை காட்டியதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். எல்லாக் கோப்பிலும் உரிமம் எழுதியிருக்கிறதா என்றுதான் அது பார்க்கும், அந்த உரிமம் கட்டற்றதா என்று பார்க்காது.

தமிழ் எழுத்துருக்களைச் சேர்ப்பவர்களுக்கு ஒன்று. நோட்டோ சான்ஸ் தமிழ், லோஹித் தமிழ், மீரா இனிமை எல்லாம் எழுத்துருக்களுக்கான ஓஎஃப்எல் (ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸ்) உரிமத்தில் வருபவை; அது எல்லா இடத்திலும் தேறும். ஆனால் ஓஎஃப்எல்லில் 'ஒதுக்கப்பட்ட எழுத்துருப் பெயர்' என்ற ஏற்பாடு உண்டு. உரிம உரையின் முதல் சில வரிகளில் அப்படி ஒரு பெயர் அறிவிக்கப்பட்டிருந்தால், எழுத்துருவை மாற்றி வெளியிடும்போது அந்தப் பெயரை விட்டுவிட்டு வேறு பெயர் வைக்க வேண்டும்.

'சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம்' என்ற ஒற்றை வரியோடு கிடைக்கும் எழுத்துரு எந்தப் பட்டியலிலும் தேறாது. எந்த உரிமமும் எழுதப்படாமல் கிடைப்பதும் அப்படியே: பதிப்புரிமை முழுவதும் செய்தவரிடமே இருக்கிறது, உங்களுக்கு எந்த உரிமையும் வந்துசேரவில்லை. செய்தவரைத் தேடிப் பிடித்து ஓஎஃப்எல்லில் வெளியிடச் சொல்லிக் கேளுங்கள். உரிமம் இருந்தும் பட்டியல்களில் இல்லை என்றால், முழு உரையையும் இணைத்து ஃபெடோராவின் உரிமத் தரவுக் களஞ்சியத்தில் ஒரு பதிவு போடுங்கள். அலசலும் முடிவும் எல்லோரும் பார்க்கும்படி அங்கேயே நடக்கும்.