ஹட்டனில் 9 வருட ஆட்டோ ஓட்டம்: வெறும் வண்டியாகத் திரும்பும் தூரத்தையும் கணக்கில் எடுங்கள்

2016 தைப்பொங்கல் முடிந்த அடுத்த வாரம், இலங்கை மலையகத்து ஹட்டன் டவுனில், மாணிக்கப் பிள்ளையார் கோயில் வாசலில் தேங்காய் உடைத்து, மூன்று சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஹயர் (வாடகைச் சவாரி) ஓடத் தொடங்கினேன். இரண்டு வருடம் ஓடிய நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் ஆட்டோ அது. முற்பணம் அம்மாவின் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசு. முப்பது வருடத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து எடுத்து அம்மாவுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். மிச்சம் லீசிங், அதாவது மாதத் தவணைக் கடன். இன்று மீட்டரில் 1 இலட்சத்து 60 ஆயிரம் கிலோமீற்றர் தாண்டிவிட்டது. அதே வண்டியைத்தான் இன்னமும் ஓட்டுகிறேன்.

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிறார்கள். "அண்ணே, ஒரு நாளைக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. நானும் அன்று இதைத்தான் கேட்டேன். ஆனால் முதலில் கேட்க வேண்டியது, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர் வெறும் வண்டியாக ஓடுவோம் என்பது. மலையில் ஹயர் தொழில் நிற்பதும் விழுவதும் அந்த ஒரு கணக்கில்தான்.

எங்கள் தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டவுனில் இருந்து மேற்பிரிவு லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) 9 கிலோமீற்றர். அதில் 5 கார்ப்பெட் ரோடு, மிச்சம் 4 தோட்டத்து ரோடு. கல்லும் குழியும், மழைக்குச் சேறும். ஆளை இறக்கிவிட்டால் அந்த நேரத்தில் மேலே இருந்து டவுனுக்கு வர யாரும் இருக்கமாட்டார்கள். ஆக ஒரு ஹயருக்கு 18 கிலோமீற்றர். தட்டையான ஊரில் இந்த வண்டி லீற்றருக்கு 30 வரை ஓடும் என்பார்கள். எங்கள் பாதையில் எனக்குக் கிடைப்பது 18. அதாவது மேற்பிரிவுக்கு ஒரு தடவை போய்வந்தால் ஒரு லீற்றர் சரியாகப் போய்விடும். நான் தொடங்கும்போது பெட்ரோல் லீற்றர் 117 ரூபா. அன்றைக்கே முதல் மூன்று மாதம் கையில் எதுவும் நிற்கவில்லை. ஓட்டம் குறையவில்லை, பார்க்கில் (ஆட்டோ தரிப்பிடத்தில்) என் முறை நன்றாகவே வந்தது. எல்லாக் காசும் இறக்கத்தில் வெறுமனே திரும்பி வந்ததில் கரைந்துபோனது.

இதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. காலை ஆறே முக்காலுக்கு டவுனில் இருந்து தோட்டத்துப் பாடசாலைக்குப் போகும் டீச்சர்மார் இருவரை மாதக் கணக்கில் பிடித்தேன். அவர்களை இறக்கிய கையோடு கிளினிக் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு கீழே வருவேன். லயத்துக் கடைக்காரருக்கு மாவு, சீனி, பாண் ஏற்றிக்கொண்டு போவேன். திரும்பும்போது அவர் சொல்லிவைத்த ஒரு ஆள் இருப்பார். சம்பளம் 10ஆம் திகதி. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் கீழே இறங்குவார்கள், பின்னேரம் மூட்டை முடிச்சோடு ஏறுவார்கள். அன்றைக்கு டவுனில் காத்துக் கிடக்காமல் விடியவே மேலே போய் நிற்க வேண்டும். இதெல்லாம் யாரும் சொல்லித்தருவதில்லை. எந்த லயத்தில் யாருக்கு எந்தக் கிழமை கிளினிக், எந்த வீட்டுப் பிள்ளை எத்தனை மணிக்கு டியூஷன் முடிந்து வரும் என்று தெரிந்தவனுக்குத்தான் இரண்டு பக்கமும் ஆள் கிடைக்கும்.

லைசன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும், மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, எல் போட் (பழகுநர் அனுமதி), பிறகு ஓட்டிக்காட்டுவது. எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். வருமான அனுமதிப்பத்திரம், இன்சூரன்ஸ், புகைப் பரிசோதனை இந்த மூன்றும் ஒவ்வொரு வருடமும் ஒரே சமயத்தில் வந்து நிற்கும். அதற்கு என்று மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். சிங்களம் நன்றாகப் பேசப் பழகுங்கள். பொலிஸ் மறித்தாலும், கராஜில் பாஸிடம் (மெக்கானிக்கிடம்) நின்றாலும், கொழும்புப் பயணி ஏறினாலும் அது வேண்டும்.

பிரேக் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் வருடம், ஜூலை மாதம். எங்கள் பக்கம் மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை விடாது. மேற்பிரிவில் ஆளை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக இறங்கிக்கொண்டிருந்தேன். பெட்ரோலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் என்ஜினை நிறுத்தி நியூட்ரலில் விடும் பழக்கம் பார்க்கில் சிலரிடம் இருந்தது. நானும் அப்படியே விட்டேன். பிரேக்கை மிதித்து மிதித்து டிரம் சூடாகிவிட்டது. மூன்றாவது முடக்கில் (வளைவில்) மிதித்தபோது பிரேக் பிடிக்கவில்லை. கருகின வாடை மட்டும் வந்தது. வலது பக்கம் பள்ளம், இடது பக்கம் மண்மேடும் கானும் (வடிகாலும்). ஹேண்டிலை இடதுபக்கம் ஒடித்து முன்சக்கரத்தைக் கானுக்குள் இறக்கி நிறுத்தினேன். முன் போர்க் வளைந்தது, கண்ணாடி உடைந்தது, எனக்கு முழங்காலில் நாலு தையல். பின்னால் ஆள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பில் ஒரு வாரம் தூக்கம் வரவில்லை.

அன்று பார்க்கில் இருந்த மூத்த டிரைவர் ஒருவர் சொன்னது: "தம்பி, ஏறின கியர்லயே எறங்கு." மலைரோட்டில் காலம்காலமாக லொறிக்காரர்கள் சொல்லும் பேச்சு இது. இரண்டாவது கியரில் ஏறிய மேட்டை இரண்டாவது கியரில்தான் இறங்க வேண்டும். என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை எப்போதாவது தொட்டால் போதும். நியூட்ரலில் இறங்கினால் மிச்சமாவது ஒரு போத்தல் தண்ணீர் வாங்கும் காசு. அதற்காகப் பின்னால் இருப்பவரின் உயிரைப் பணயம் வைக்க யாருக்கும் உரிமை இல்லை. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. உங்கள் பார்க்கில் யார் செய்தாலும் நீங்கள் செய்யாதீர்கள்.

பிரேக் சூவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கிறேன், பெரும்பாலும் மாற்றிவிடுவேன். கிளட்ச் கேபிள் ஒன்று எப்போதும் சீட்டுக்கு அடியில் இருக்கும். பின் டயர் இரண்டும் முன் டயரைவிட மிக வேகமாகத் தேயும். 90 ஆயிரம் கிலோமீற்றர் வாக்கில் என்ஜினைப் பிரித்து பிஸ்டனும் ரிங்கும் போட்டோம், அதற்குப் பிறகு பெரிய வேலை எதுவும் வரவில்லை. இன்னொன்று, செங்குத்தான மேட்டில் பாரத்தை எல்லாம் பின்னால் வைத்தால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் பிடி விட்டுப்போகும். மாவு மூட்டையை எப்போதும் என் காலடிக்குப் பக்கத்தில் வைப்பேன். மூன்று பேருக்கு மேல் ஏற்றுவதில்லை. பாடசாலைப் பிள்ளைகள் என்றால் ஆறு ஏழு பேரைத் திணிக்கிறார்கள், மாதக் காசு கூடும் என்பதற்காக. பெற்றோருக்கும் அது தெரியும். சின்னப் பிள்ளைகள்தானே என்று விடுகிறார்கள். இறக்கத்தில் பாரம் பாரம்தான், அதில் பெரியவர் பிள்ளை என்ற வித்தியாசம் இல்லை.

இராத்திரி ஹயர் பற்றி. 2018இல் ஒரு நாள் அதிகாலை இரண்டு மணிக்குப் போன் வந்தது. கீழ்ப்பிரிவில் ஒரு பிள்ளைக்குப் பிரசவ வலி. பனி மூடி, முன்னால் பத்தடிகூடத் தெரியவில்லை. அந்தப் பிள்ளையின் புருஷன் கையில் டோர்ச்சோடு வண்டிக்கு முன்னால் ஓரத்தைக் காட்டிக்கொண்டே நடந்தான், தோட்டத்து ரோடு முடியும்வரை. டிக்கோயா வைத்தியசாலைக்குக் கொண்டு போய்ச் சேர்த்தோம். 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி வந்து திறந்துவைத்த கட்டடம் அது. தாயும் பிள்ளையும் நல்லபடியாக வந்தார்கள். நான் காசு கேட்கவில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை. இரண்டு வாரம் கழித்து அந்தப் பிள்ளையின் அம்மா இரண்டு கோவாவும் (முட்டைக்கோஸ்) ஹயர் காசும் கொண்டுவந்து கொடுத்து, "தம்பி, நீங்க அன்னைக்கு வாயே தொறக்கல"ன்னு சொன்னாங்க. அதற்குப் பிறகு அந்த லயத்து ஹயர் முழுவதும் என்னிடம்தான்.

இப்போது 1990 அம்பியூலன்ஸ் சேவை இருக்கிறது, காசும் இல்லை. முதலில் அதைக் கூப்பிடச் சொல்லித்தான் நானும் சொல்வேன். ஆனாலும் மேற்பிரிவு ரோட்டில் இருந்து நோயாளியைப் பெரிய ரோட்டுக்குக் கொண்டுவர ஒரு ஆட்டோ தேவைப்படும் இரவுகள் இருக்கின்றன. இந்தத் தொழிலுக்கு வருகிறவர் இராத்திரி போனை நிறுத்திவைக்கக்கூடாது.

கடனும் கொடுக்கத்தான் வேண்டும். என்னிடம் ஒரு கொப்பி இருக்கிறது. சம்பளத்துக்கு சம்பளம் கணக்குத் தீர்ப்போம். நான் தொடங்கி ஐந்து வருடம் கழித்து, 2021இல்தான் தோட்டத்து நாள் சம்பளம் 1000 ரூபாவாயிற்று. 2024இல் அது 1350 ஆயிற்று. இந்த வருமானத்தில் வாழும் மக்களிடம் ஒரு ஹயருக்குக் கைக்காசு கேட்டால் அவர்கள் நோயோடு நடந்தே போவார்கள். கொப்பியில் எழுதியதில் வராமல் போன காசு மிகக் குறைவு. ஒரு அம்மா காலமானபின் அவருடைய மகன் கொழும்பில் இருந்து வந்து கணக்கைத் தீர்த்துவிட்டுப் போனான்.

மாதத் தவணையைக் கட்ட எனக்குக் கைகொடுத்தது சிவனொளிபாதமலை யாத்திரை சீசன். டிசெம்பர் போயாவில் (பௌர்ணமியில்) தொடங்கி மே மாத வெசாக் போயா வரை. கோச்சியில் (ரயிலில்) ஹட்டனுக்கு வந்து இறங்குகிறவர்களை மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குக் கொண்டு போவேன். முப்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். இராத்திரி ஏறி, சூரியன் உதிப்பதைப் பார்த்துவிட்டுக் காலையில் இறங்குவார்கள். நான் வண்டியிலேயே சாக்குப் படங்கை இழுத்துவிட்டுத் தூங்குவேன். குளிர் எலும்பில் இறங்கும். ஆனால் அதே ஆட்களோடு திரும்பி வருவதால் ஒரு கிலோமீற்றர்கூட வெறுமையாகப் போகாது. தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, முதல் சீசன் காசில் வீட்டுச் சாமான் வாங்காமல் மழைக்கால மாதங்களின் தவணைக்கு அப்படியே எடுத்து வையுங்கள்.

நாடே பொருளாதார நெருக்கடியில் கிடந்த 2022ஐ மறக்க முடியாது. ஜூன் கடைசியில் பெட்ரோல் 470 ரூபா. அதற்கும் வரிசை, அதற்கும் ஸ்டொக் இல்லை. இரண்டு இரவு வண்டிக்குள் தூங்கி மூன்றாம் நாள் வெறுங்கையோடு தள்ளிக்கொண்டு வந்தேன். ஜூலையில் கியூஆர் குறியீட்டுப் பங்கீடு வந்தபோது ஆட்டோவுக்கு வாரம் 5 லீற்றர். மேற்பிரிவுக்கு ஐந்து தடவை ஏறி இறங்கினால் அந்த வாரத்துப் பெட்ரோல் முடிந்தது. அப்போதுதான் எல்லோருக்கும் வெறும் வண்டிக் கணக்கு விளங்கியது. மேலே போக மூன்று பேர், கீழே வர மூன்று பேர் சேர்ந்தால் மட்டும் வண்டியை எடுத்தேன். ஆட்களும் நேரம் பேசி ஒன்றாக வரப் பழகிக்கொண்டார்கள். ஒரு லீற்றரை மட்டும் போத்தலில் தனியாக வைத்திருந்தேன், இராத்திரி வைத்தியசாலைக்கு. அது தேவைப்பட்ட வாரங்களும் உண்டு.

லீசிங் விஷயத்தில் பத்திரத்தை ஒருவரைக்கொண்டு தமிழில் வாசித்துக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 2020 கொரோனாவின்போது தவணைக்குச் சலுகைக் காலம் தந்தார்கள். நான் அதைத் தள்ளுபடி என்று நினைத்துவிட்டேன். அந்த மாதங்களுக்கும் வட்டி ஓடியிருந்தது. முடிய வேண்டிய தவணை பல மாதம் நீண்டது. கொழும்பில் ஆப் வழியாக ஓடும் நண்பர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது சரியாக இருக்கிறது. எங்கள் பக்கம் பாதித் தோட்டத்தில் சிக்னலே இல்லை. வண்டியின் பின்னால் எழுதிய போன் நம்பர்தான் எனக்கு ஹயர் கொண்டுவருகிறது.

இன்று புதிதாகத் தொடங்குவது என் காலத்தைவிடக் கடினம். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025இல்தான் திரும்பத் தொடங்கியது. இடையில் பழைய வண்டிகளின் விலை எங்கேயோ போய்விட்டது. இவ்வளவு ஓடிய என் வண்டியையே நான் வாங்கிய விலைக்கு மேல் கேட்கிறார்கள். முற்பணத்தைத் தவிர ஆறு மாதத் தவணைக் காசு கையில் இல்லாதவர் சொந்த வண்டி எடுக்க வேண்டாம். ஒரு வருடம் வேறொருவர் வண்டியை நாள் வாடகைக்கு ஓட்டுங்கள். அந்த ஒரு வருடத்தில் பாதையும் தெரியும், ஆட்களும் தெரிவார்கள், உங்கள் முதுகு தாங்குமா என்பதும் தெரிந்துவிடும்.

என் அக்கா மகன் போன மாதம் எல் போட் எடுத்திருக்கிறான். பயணிகளை ஏற்றிக்கொண்டு அவன் ஓட்ட முடியாது. அதனால் பாடசாலை இல்லாத நாட்களில் மேற்பிரிவு ஹயருக்கு அவனைப் பக்கத்தில் கூட்டிப் போகிறேன். மேலே ஆட்களை இறக்கிவிட்டு, திரும்ப யாரும் இல்லை என்றால் எல் பலகையை மாட்டிவிட்டு நான் பின் சீட்டுக்குப் போய்விடுவேன். இரண்டாவது கியரில், கை நடுங்க, நாலு கிலோமீற்றரை அவன் முக்கால் மணி நேரத்தில் இறக்குகிறான். நான் விழுந்த அந்த மூன்றாவது முடக்கில் மட்டும் ஒவ்வொரு தடவையும் வண்டியை முழுதாக நிறுத்தச் சொல்கிறேன்.